பெயர் போன பதிவுகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கடை திறந்தாலும், ஆடு காணாமல் போனாலும், குடிநீர்க் குழாய் உடைந்தாலும் அந்தச் செய்தி பெரும்பாலும் என் குரலில்தான் தெருவுக்குள் வரும். என் முகம் யாருக்கும் தெரியாது. மார்க்கெட்டில் வாயைத் திறந்து கத்தரிக்காய் விலை கேட்டால்தான் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்பார். நான் சிரித்துக்கொண்டு காயைப் பொறுக்குவேன்.

என் கணவருக்குச் சொந்தமாக ஒரு ஆட்டோ. கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விளம்பரம் போட்டுவருவதுதான் அவருக்குத் தொழில். கல்யாணமான புதிதில் ஒரு கையில் மைக், ஒரு கையில் ஹேண்டில்பார் என்று அவரே பேசியபடி ஓட்டுவார். நேமத்தான்பட்டிக்குப் போகும் வழியில் ஒருநாள் 'அலைகடலெனத் திரண்டு வாரீர்' என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவை வயலுக்குள் இறக்கிவிட்டார். அதற்குப் பிறகு, பேச்சைப் பதிவுசெய்து போட்டால்தான் நீங்கள் உயிரோடு வீடு வந்து சேர்வீர்கள் என்று நான் சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டார். நானே பேசினேன். அப்படி ஆரம்பித்தது.

மாடிப்படிக்குக் கீழே நெல்மூட்டை அடுக்கிவைக்கிற சின்ன அறை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மூட்டைகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டி, கதவில் பழைய மெத்தையைத் தொங்கவிட்டு, ஒரு மேசைக் கம்ப்யூட்டரையும் மைக்கையும் வைத்தோம். அதுதான் என் ஸ்டுடியோ. உள்ளே மின்விசிறி போடக்கூடாது. போட்டால் அந்தச் சத்தமும் பதிவாகும். பேசிவிட்டு வெளியே வந்தால் குளித்துவிட்டு வந்ததுபோல் இருப்பேன்.

மாடியில் என் கொழுந்தன் குடும்பம். அவருடைய மனைவி, அதாவது என் ஓரகத்தி, ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவள். அவர்களுக்கு ஒரே பெண்.

மெத்தையும் முட்டை அட்டையும் தெருச்சத்தத்தைத் தடுத்தன. மாடிச்சத்தத்தைத் தடுக்கவில்லை. படிக்கட்டு வழியாக அது நேராக அறைக்குள் இறங்கிவிடும். அதனால் ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். நான் பேசப்போகும்போது படிக்கட்டுக் கம்பியில் சிவப்புத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவேன். அது தொங்குகிற நேரத்தில் மாடியில் மிக்ஸி ஓடக்கூடாது, நாற்காலியை இழுக்கக்கூடாது, குக்கர் விசிலடிக்கக்கூடாது. ஆரம்பத்தில் அது எல்லாருக்கும் விளையாட்டாக இருந்தது. வருடக்கணக்கில் தினமும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும். சென்ற வருடம் ஒரு மாலை, உர விளம்பரம் ஒன்றில் 'நுண்ணூட்டச் சத்துகள்' என்ற சொல்லைப் பலமுறை தடுக்கிவிழுந்து, கடைசியில் சரியாகச் சொல்லிமுடிக்கிற நொடியில் மேலே குக்கர் விசிலடித்தது. நான் வெளியே வந்து கீழிருந்தபடி ஒரு வார்த்தை சொன்னேன். அவள் மேலிருந்தபடி ஒரு வார்த்தை சொன்னாள். பெரிய சண்டையெல்லாம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. மாவரைத்தால் எனக்குக் கிண்ணத்தில் வரும், குழம்பு வைத்தால் அவளுக்குத் தூக்குவாளியில் போகும். பேச்சு மட்டும் கணவர்கள் வழியாகப் போய்வந்தது.

இந்த வருடம் அம்மன் கோவில் பூச்சொரிதலுக்கு இரண்டு நாளும் மைக் என் பொறுப்பு. அன்னதானப் பந்தி எந்தப் பக்கம், பாதையை மறித்து நிற்கிற வண்டி யாருடையது, பிள்ளையைத் தொலைத்தவர்கள் எங்கே வரவேண்டும் என்று ஓயாமல் கத்தியதில் தொண்டை முழுதாகப் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் மௌனம் என்று எழுதிக்கொடுத்தார். கிசுகிசுப்பாகக்கூடப் பேசக்கூடாதாம், அதுதான் தொண்டைக்கு இன்னும் கெடுதலாம். என் கணவர் அதை இன்னொரு முறை விளக்கமாகக் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கொஞ்சம் மலர்ச்சி தெரிந்ததாக எனக்குச் சந்தேகம்.

அது ஒன்றும் நட்டமில்லை என்றுதான் நினைத்தேன். அந்த வாரத்து வேலையை முன்பே முடித்துவைத்திருந்தேன். பழைய பேருந்து நிலையம் அருகே பல காலமாக இருந்த ஒரு பாத்திரக்கடை புதுக்கட்டடத்துக்கு மாறுகிறது. வெள்ளிக்கிழமை திறப்புவிழா. திங்கட்கிழமை காலையிலிருந்து எங்கள் ஆட்டோ அமராவதிபுதூர், நாச்சியாபுரம், நேமத்தான்பட்டி என்று சுற்றவேண்டும். கடைக்காரர் எங்களுக்கு நீண்ட நாள் வாடிக்கை. பேச்சைப் போனில் அனுப்பினால் கேட்கமாட்டார். போனில் எல்லாக் குரலும் தகரம் மாதிரித்தான் கேட்கிறது என்பார். நேரில் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. ஞாயிறு மாலை வருவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பென் டிரைவில் ஏற்றுவதற்காகக் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் புள்ளிகள் வட்டமடித்தன. அப்புறம் நீலமாகி ஏதோ ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது. அணைந்தது. தானே எழுந்தது. பழுதுபார்க்கிறேன் என்றது. மறுபடி வட்டம், மறுபடி நீலம். நாங்கள் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். என் கணவர் அதன் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். ஆட்டோவுக்கு அது பலிக்கும்.

வேறு எதிலும் நகல் இல்லை. என் தொண்டையிலும் இல்லை. பாத்திரக்கடை மட்டுமா, இத்தனை வருடம் பேசிய எல்லாமே அதற்குள்தான் இருந்தன. அவர் கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டார். காலையில் கொண்டுவாருங்கள், பார்மட் செய்து புத்தம் புதுசாக்கித் தருகிறேன் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

ஞாயிறு காலை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். நான் பின்னாலேயே கைகளை ஆட்டிக்கொண்டு போனேன். நான் சொல்ல வந்தது என்னவென்று எனக்கே தெரியவில்லை. அப்போது ஓரகத்தி துவைத்த துணியோடு மாடிப்படியில் நின்றாள்.

"அத எங்குட்டு தூக்கிட்டுப் போறீக மச்சான்?"

அவர் சொன்னார். அவள் வாளியைப் படியிலேயே வைத்தாள்.

"பார்மட் பண்ணுனா உள்ள இருக்கறதெல்லாம் போயிருமே. எறக்கி வையிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பெட்டி மறுபடி படிக்கட்டு அறைக்குள் போனது.

அவளுடைய கணவரும் மகளும் அன்று நேமத்தான்பட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். அவள் துணியைக் காயப்போட்டுவிட்டு, கைப்பையோடு கீழே வந்தாள். பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். லேப்பில் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இதைத்தான் போடுவதாக என் கணவரிடம் சொன்னாள். உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், பென் டிரைவில் இருந்தபடியே கம்ப்யூட்டரை எழுப்பிவிடலாமாம். எழுந்தபின் டிஸ்க்குக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாமாம்.

அடுத்த அரைமணி நேரம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் யாரோடும் பேசக்கூடாது. அவள் என்னோடு பேசுவதில்லை. ஆக, ஒரே அறையில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டு, அவள் கேள்வியை என் கணவரிடம் கேட்பாள். "எந்த போல்டர்ல வச்சிருக்காகன்னு கேளுங்க மச்சான்." அவர் என் பக்கம் திரும்பி, எந்த போல்டர் என்பார். நான் பழைய பிட் நோட்டீஸின் முதுகில் எழுதி அவரிடம் நீட்டுவேன். அவர் அதை உரக்கப் படிப்பார். அவருக்குக் கண்ணாடி வேறு கையில் இல்லை. 'குரல்' என்று நான் எழுதியதைக் 'குரங்கு' என்று படித்தார்.

திரை வேறு ஒரு நிறத்தில், வேறு ஒரு முகத்தோடு எழுந்தது. போட்டோக்கள் இருந்த இடம் திறந்தது. பாட்டுகள் இருந்த இடம் திறந்தது. நான் பேசிப் பேசிச் சேர்த்த போல்டர் மட்டும் திறக்க மறுத்தது. அவள் பலவிதமாகத் தட்டிப் பார்த்தாள்.

டிஸ்க்கில் இருக்கிற அட்டவணை கெட்டுப்போயிருக்கிறது, சரக்கு உள்ளேயே இருக்கும் என்று விளக்கினாள். கிட்டங்கி முழுக்க மூட்டை இருக்கிறது, எந்த மூட்டை எங்கே என்ற விவரம் போய்விட்டது, அவ்வளவுதான். இனி ஒவ்வொரு மூட்டையாகப் புரட்டித்தான் எடுக்கவேண்டும். அதற்கும் ஒரு மென்பொருள் அவளிடம் இருந்தது. எடுத்ததைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்தால் இருப்பதும் அழியும் என்று, கல்லூரி வேலைக்கு அவள் வைத்திருந்த வெளி டிஸ்க்கை மாடியிலிருந்து கொண்டுவந்து மாட்டினாள்.

"ஒண்ணு மச்சான். பேரெல்லாம் வராது. வெறும் நம்பராத்தான் வரும். அழிச்சதுகூட எந்திரிச்சு வந்துரும், சொல்லிப்புடுங்க."

அவர் என்னிடம் திரும்பினார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும் என்று எழுதிக் காட்டினேன்.

மத்தியானம் வரை அது பாட்டுக்குப் புரட்டியது. அவள் மாடிக்கும் கீழுக்கும் நடந்தாள். நான் வெங்காயம் உரித்தேன். கணவர் ஆட்டோ பேட்டரிக்குத் தண்ணீர் விடப் போனார். சாப்பிட்டு முடித்து வந்து பார்த்தபோது வெளி டிஸ்க்கில் நூற்றுக்கணக்கில் ஒலிக்கோப்புகள் நின்றன. ஒன்றுக்கும் பெயரில்லை. பாத்திரக்கடை எந்த நம்பர் என்று யாருக்குத் தெரியும்? கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் முதல் கோப்பைத் தட்டினாள். ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது. சினையாக இருந்த கறுப்பு வெள்ளாடு ஒன்றைக் காணவில்லை, இடது காது கிழிந்திருக்கும் என்றது.

"அக்கா, வந்துருச்சு" என்றாள்.

அவள் என்னைப் பார்த்துச் சொன்னதை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்காதது போல இருந்துகொண்டேன். நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன்.

பிறகு என் குரல் ஓயவே இல்லை. ஆடித் தள்ளுபடி. ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்க்கை. நாளைக் காலை குடிநீர் வராது. மஞ்சுவிரட்டுக்கு மாடு கொண்டுவருவோர் கவனத்துக்கு. பிரியாணிக்கடை திறப்பு, அதே பிரியாணிக்கடை மறுதிறப்பு, இடம் விற்பனைக்கு. நாச்சியாபுரத்தில் எல்லாருக்கும் வேண்டிய ஒரு வாத்தியாரின் இறுதி ஊர்வலம். அதை மட்டும் இருவரும் முழுதாகக் கேட்டோம். என் கொழுந்தனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வைத்துவிடலாம் என்று அவள் சொன்னாள். பொருள் என்னவென்று நான் சொல்லிவிடுவேன். எந்த வருடம் என்பது எனக்கு நினைவில்லை. அதை அவள் கண்டுபிடித்தாள். எப்படியென்று முதலில் எனக்குப் புரியவில்லை. என் பேச்சுக்குப் பின்னால், மிகமிக மெல்லிசாக, மாடிச்சத்தம் இருந்தது. நான் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் இத்தனை நேரமும் பின்னால் இருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றில் கைக்குழந்தை அழுதது. "பாப்பாவுக்கு மாந்தம் கண்டுருந்துச்சு, அந்த ஆவணி" என்றாள். ஒன்றில் நடைவண்டி உருண்டது. ஒன்றில் இரண்டாம் வாய்ப்பாடு, ஒன்றில் ஏழாம் வாய்ப்பாடு. தங்க நகைக்கு உடனடிக் கடன் என்று நான் முழங்க, பின்னால் சின்னப்பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். அது முதல் நாள் பள்ளிக்கூடம் போய்வந்த மத்தியானமாம். அவள் அந்தக் கோப்பை இரண்டாம் முறையும் போட்டாள். நகைக்கடன் அவள் காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தோன்றியதை நோட்டீஸில் எழுதினேன்: இத்தனை சத்தமும் எனக்கு அப்போது எதிரி. அவள் படித்துவிட்டு, "எங்களுக்கு உங்க துண்டுதான் எதிரி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அழித்த பதிவுகளும் இடையிடையே எழுந்து வந்தன. நுண்ணூட்டச் சத்து வரிசையாக வந்தது. ஒன்றில் தும்மினேன். ஒன்றில் நடுவிலே நிறுத்தி, அடுப்பில் பால் வைத்திருக்கிறேனே என்று பதறிக் கதவைத் திறந்து ஓடினேன். அப்படி ஒன்றைத் தட்டியபோது, ஜவுளிக்கடைத் தீபாவளி விளம்பரம் ஆரம்பித்தது. நான் 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று சொல்லிவிட்டு மூச்சு எடுக்க நிறுத்தியிருந்தேன். அந்த இடைவெளியில், படிக்கட்டு வழியாக இறங்கிய இன்னொரு குரல் தெளிவாகக் கேட்டது.

"பெரியோர்களே, தாய்மார்களே, இன்று ஒரு நாள் மட்டும். இந்த ஒரு வாய் இட்லியை வாங்கும் பாப்பாவுக்கு, அடுத்த வாய் முற்றிலும் இலவசம். முந்துங்கள். சட்னி தீரும் வரை மட்டுமே."

என் ராகம். என் இழுப்பு. 'முற்றிலும்' என்ற சொல்லில் நான் ஏறி இறங்குவதைக்கூட விடவில்லை. பின்னாலேயே குழந்தை கெக்கெக்கென்று சிரிக்கிற சத்தம்.

ஓரகத்தியின் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் மறுபடி முதலிலிருந்து போட்டேன். அந்தப் பதிவை அன்று ஏதோ டிவி சத்தம் கலந்துவிட்டது என்று நினைத்துத்தான் அழித்திருக்கிறேன்.

"சாப்புடவே மாட்டா அக்கா. இப்பிடிச் சொன்னாத்தான் வாயத் தொறப்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சத்தம்தான் வராதே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வழிய மேசையில் சாய்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் கணவர் பயந்தே போனார். என்னவாயிற்று, யார் என்ன சொன்னது என்று ஓரகத்தியைக் கேட்டார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் போட்டுக் காட்டினோம். அவர் கேட்டுவிட்டு, "இது நீ பேசுனதுதான?" என்று என்னைக் கேட்டார்.

நாலு மணிபோலப் பாத்திரக்கடை கிடைத்தது. நாதஸ்வரம் ஒலித்து அடங்கியது. நான் ஆரம்பித்தேன். பழைய பேருந்து நிலையம் அருகே பல ஆண்டுகளாக உங்கள் ஆதரவுடன் நடைபெற்றுவந்த நமது கடை, வருகிற வெள்ளிக்கிழமை முதல்... அவ்வளவுதான். அதற்கு மேல் தகரக் கொட்டகையில் மழை பெய்வதுபோல ஒரே இரைச்சல். கடைசிவரை அந்த மழைதான். பழைய இடம் எங்கே இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்; புது இடத்தைச் சொல்லுகிற பாதி போய்விட்டது. மூட்டையின் மறுபாதியை வேறெங்கோ வைத்திருக்கிறது, அது இனிக் கிடைக்காது என்று அவள் சொன்னாள். வேறு நகல் வருகிறதா என்று மிச்சமிருந்ததையும் வேகமாகத் தட்டிப் பார்த்தோம். வரவில்லை.

கடைக்காரர் வருகிற நேரம் நெருங்கியது. கணவர் தானே பேசிப் பார்க்கிறேன் என்றார். வயல் ஞாபகத்தில் நான் வேண்டாமென்று தலையாட்டினேன். பிறகு நோட்டீஸை எடுத்து, ஓரகத்திக்கு நேராக எழுதினேன்: மிச்சத்தை நீ பேசு.

அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். தான் லேப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரல், பிள்ளைகளே பின்வரிசையில் கேட்கவில்லை என்பார்கள், வெளியே ஒலிபெருக்கியில் போட்டால் ஊர் சிரிக்கும் என்றாள். நான் வேறு எதுவும் எழுதவில்லை. இட்லிப் பதிவை இன்னொரு முறை போட்டேன்.

"அது பிள்ளைக்குச் சொன்னது அக்கா."

'இதையும் பிள்ளைக்கே சொல்' என்று எழுதினேன்.

நான் வெளியே போய்த் துண்டைக் கம்பியில் தொங்கவிட்டேன். அவள் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மைக்கை அதில் மாட்டி, முன்னால் உட்கார்ந்தாள். நான் எதிரே நின்று, குரல் ஏறவேண்டிய இடத்தில் கையை ஏற்றினேன், இறங்க வேண்டிய இடத்தில் இறக்கினேன், மூச்செடுக்க வேண்டிய இடத்தில் என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். முதலில் வருகைப்பதிவு மாதிரியேதான் இருந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். சட்டென்று குரல் அவிழ்ந்தது. எவர்சில்வர், பித்தளை, செம்பு என்று அவள் அடுக்கியபோது ஒவ்வொரு பாத்திரமும் தனித்தனியே பளபளத்தது. புது முகவரியை நெருங்கினாள். அப்போது எங்கள் அடுப்படியில் குக்கர் விசிலடித்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பு வேகட்டும் என்று என் கணவர்தான் நல்லெண்ணத்தோடு வைத்திருக்கிறார்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இப்ப நான் வெளிய வந்து கத்தணும்ல" என்றாள்.

திரும்பவும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். அவளே தன் மடிக்கணினியில் இரண்டு பாதியையும் ஒட்டினாள்.

கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் குடை. என் தொண்டையை விசாரித்தார். மிளகு போட்ட பால் குடிக்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கம்ப்யூட்டர் கதையை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. நாதஸ்வரம் போனது, நான் போனேன், அவள் வந்தாள். அவர் புருவம் மேலேறியது. முடிந்ததும் கண்ணைத் திறந்தார். ஓரகத்தி படிக்கட்டில் பாதி ஏறி நின்றுகொண்டாள்.

"பாதியில ஆளு மாறுதே" என்றார்.

கணவர் நடந்ததையெல்லாம் சொன்னார். குக்கரை மட்டும் விட்டுவிட்டார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம், "பழைய கடையப் பழைய குரல் சொல்லுது, புதுக் கடையப் புதுக் குரல் சொல்லுது. நல்லாத்தான் இருக்கு" என்றார். மாடிப்படியைப் பார்த்து, "ஆனா அந்த அட்ரஸ இன்னொரு தடவ நிறுத்திச் சொல்லணும். சனங்க பழைய எடத்துக்குப் போயி நிக்கக்கூடாதுல்ல" என்று கேட்டுக்கொண்டார்.

அவள் இறங்கி வந்து இன்னொரு தடவை நிறுத்திச் சொன்னாள். அவர் இருக்கும்போதே சொன்னாள். குரல் நடுங்கவில்லை.

அந்தி சாய்கிற நேரம் கொழுந்தனும் மகளும் காதுகுத்திலிருந்து திரும்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு இட்லி விளம்பரத்தைப் போட்டுக் காட்டினோம். இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். அந்தப் பாப்பா நான் இல்லை, நான் எப்போதும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். பாதிப் படியில் நின்று, அதைத் தன் அப்பா போனில் ஏற்றித் தரமுடியுமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை ஆட்டோ கிளம்பியது. அமராவதிபுதூரில் ஒரு அம்மா வண்டியை மறித்து, வழக்கமாகப் பேசுகிற பொண்ணுக்கு என்ன ஆச்சு, பாதியிலேயே எழுந்து போய்விட்டதே என்று விசாரித்ததாகக் கணவர் வந்து சொன்னார். அந்த வாரத்திலேயே ஓரகத்தி புது ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டு, கம்ப்யூட்டரைத் திரும்ப நிமிர்த்திவிட்டாள். மீட்ட பதிவுகளை இரண்டு இடத்தில் நகலெடுத்து வைத்தாள். பெயர்களையெல்லாம் அவளே போட்டாள். 'வெள்ளாடு காணோம், பாப்பாவுக்கு மாந்தம்' என்று ஒரு கோப்பு. 'நகைக்கடன், முதல் நாள் ஸ்கூல்' என்று ஒன்று. வேறு யாராவது திறந்து பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. எங்களுக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை திறப்புவிழாவுக்கு இருவரும் பட்டுக் கட்டிக்கொண்டு போனோம். டாக்டர் அன்றைக்குத்தான் ஒன்றிரண்டு வார்த்தைக்கு அனுமதி கொடுத்திருந்தார். கடை நிறையக் கூட்டம். கடைக்காரர் ஆளுக்கொரு டிபன் கேரியர் கொடுத்தார். வேண்டாமென்று கையசைத்தும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தெருமுனையில் எங்கள் ஆட்டோ திரும்பியது. என் பாதி முடிந்து அவள் பாதி தொடங்கியது.

அவள் சட்டென்று வாசலில் அடுக்கியிருந்த அண்டாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஆட்டோ எங்களைக் கடந்தது. மக்கள் அவர்கள் பாட்டுக்கு நடந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் முகவரியைக் கேட்டுவிட்டு, கடைப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என் குரல் இப்பிடியா அக்கா இருக்கு?" என்றாள் அண்டாவுக்குப் பின்னாலிருந்து.

"இப்பிடித்தான்" என்றேன். ஒரு வாரத்தில் நான் பேசிய முதல் வார்த்தை அது. கரகரவென்று வந்தது.

அவள் மெதுவாக வெளியே வந்து டிபன் கேரியரை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஜாடை காட்டினேன். அவள் ஆட்டோ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு சுத்து வரட்டும். கேட்டுட்டுப் போவம்."